கெளுத்தி இறங்கிய கிணறு

குளியலறை வாளியில் அதை முக்கிப் பிடித்துக்கொண்டு, குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது. கண்ணாடியின் விளிம்பிலிருந்து கடுகைவிடச் சிறியதாக ஒன்று. சற்றுப் பொறுத்து அதே இடத்திலிருந்து இன்னொன்று. பிவிசி பைப்பின் ஒரு முனையை மூடியால் அடைத்து, மறுமுனையில் வட்டமாக வெட்டிய கண்ணாடியை வைத்துச் சுற்றிலும் எம்-சீல் பூசியிருந்தேன். ஏதோ ஓரிடத்தில் விரல் சரியாக அழுந்தவில்லை. வெளியே எடுத்துத் துடைத்து, ஒழுகும் இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டேன். நான் செய்யும் எதுவும் முதல் தடவையில் சரியாக வந்ததில்லை என்பதால் பெரிய வருத்தம் இல்லை. நிமிர்ந்தபோது அப்பா தோளில் துண்டோடு கதவருகே நின்றிருந்தார்.

"இது கிணத்துல எறங்குமா?"

"எறங்கணும். இப்போதைக்கு ஒழுகறது."

"ஒழுகறதை அடைச்சுட்டா?"

"எறங்கும்பா."

"அடி வரைக்கும்?"

"ஒயர் இருக்கற வரைக்கும்."

அப்பா குளிக்காமலேயே திரும்பிப் போனார். நான் சாயங்காலக் கல்லூரியில் சேர்ந்த பிறகு என் படிப்பைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. பகலில் எனக்குச் சானடோரியத்தில், மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் வேலை. பூதக்கண்ணாடி பொருத்திய விளக்குக்குக் கீழே உட்கார்ந்து, பற்றவைத்த சர்க்யூட் போர்டுகளில் குறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நன்றாக இருந்தால் பச்சைப் பெட்டி, குறை இருந்தால் சிவப்புப் பெட்டி, சந்தேகமாக இருந்தாலும் சிவப்புப் பெட்டி. என் சிவப்புப் பெட்டி மற்றவர்களுடையதைவிடச் சீக்கிரம் நிரம்பிவிடும் என்று சூப்பர்வைசர் சொல்லிக்கொண்டிருப்பார். மாலையில் தாம்பரத்தில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. தொண்ணூற்று ஏழாம் வருடக் கோடையில் கடைசி வருடப் பிராஜெக்டுக்காக நானும் உடன் படித்த அசரியாவும் தண்ணீருக்கடியில் போய்ப் படம் பிடிக்கும் ஒரு வண்டியைச் செய்துகொண்டிருந்தோம். எங்களுக்குப் பாடம் எடுத்த சாம்பசிவன் சார் அந்த யோசனைக்குக் கையெழுத்துப் போடும்போதே, "இதை எதுக்கு உபயோகப்படுத்துவீங்க? தொட்டித் தண்ணியில பொம்மை விடறதுக்கு டிப்ளமோ எதுக்கு?" என்று கேட்டிருந்தார். அசரியாதான், "பெரிய தண்ணியில விட்டு வீடியோ எடுத்தாந்து காட்டறோம் சார்" என்று சொல்லி வைத்தான்.

எங்கள் கிணற்றைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சிட்லபாக்கத்தில் தாத்தா கட்டிய வீட்டை, அவர் காலத்துக்குப் பிறகு அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். வீட்டின் நடுவில் எழுந்த சுவர் நேராகக் கொல்லைக்குப் போய்க் கிணற்றில் முட்டியது. கிணறு யாருக்கு என்பதில் கடைசி வரைக்கும் ஒத்துப்போகவில்லை. மேஸ்திரி சலித்துப்போய், கிணற்றின் வாய்க்குக் குறுக்கே ஒரு பழைய தண்டவாளத் துண்டைப் போட்டு, அதன்மேல் சுவரைத் தொடர்ந்து கட்டிவிட்டுப் போய்விட்டார். எங்கள் பக்கம் ஓர் அரைவட்டம், பெரியப்பா பக்கம் ஓர் அரைவட்டம். இரண்டு பக்கமும் தனித்தனி ராட்டினம். தண்டவாளத்துக்குக் கீழே சுவர் கிடையாது. சிமெண்ட் உறைகள் முழுவட்டமாகத்தான் கீழே இறங்கின. தண்ணீரும் முழுவட்டமாகத்தான் கிடந்தது. சுவர் வந்த பிறகு அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை. அப்பா அவரை அண்ணா என்பதை விட்டுவிட்டு, பக்கத்தாத்துக்காரர் என்று சொல்ல ஆரம்பித்தார்.

கிணற்றுக்குள் குனிந்து பேசினால் அந்தப் பக்கம் கேட்கும். கத்தக் கூடாது. கத்தினால் எதிரொலியில் வார்த்தை குழம்பிவிடும். பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோலப் பேசினால், சத்தம் தண்டவாளத்துக்கு அடியில் புகுந்து மறுபக்கம் தெளிவாக ஏறும். அம்மா இதை எப்போது கண்டுபிடித்தாள் என்று எனக்குத் தெரியாது. அப்பா ரயிலுக்குக் கிளம்பிய பிறகு, பெரியப்பா லைப்ரரிக்குப் போன பிறகு, அம்மாவும் சாவித்ரிப் பெரியம்மாவும் ஆளுக்கொரு வாளியை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார்கள். "வேதா, உங்காத்துல என்ன இன்னிக்கு?" "கீரை மசியல் மன்னி." "இங்க அவருக்குப் பல் வலி. வெறும் ரசஞ்சாதம்." பரோடாவில் இருக்கும் பெரியம்மாவின் மகன் எழுதியது, பெரியம்மாவின் இடுப்பு வலி, அம்மாவுக்குக் கண்ணில் வளரும் புரை எல்லாம் கிணற்றுக்குள் இறங்கி மறுபக்கம் ஏறின. ஒரு பங்குனியில் பெரியம்மா மாவடுவைத் தூக்குப் பாத்திரத்தில் போட்டு, தூக்கை வாளிக்குள் வைத்துத் தண்டவாளத்துக்கு அடியில் ஆட்டிவிட்டாள். அம்மா துணி உலர்த்தும் கொம்பால் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டாள். அன்று சாப்பிடும்போது அப்பா, "நன்னா இருக்கே, எங்க வாங்கினே?" என்றார். "மாம்பலத்துல" என்றாள் அம்மா.

அப்பாவுக்குக் கிணறு வேறு மாதிரி இருந்தது. பாகம் பிரித்த மறு வருடமே, கிணற்றை நம்ப முடியாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு கைபோர் போட்டு அடிபம்பு வைத்தார். இடம் நெருக்கடி, கிணற்றை ஒட்டித்தான் போட முடிந்தது. பம்பில் தண்ணீர் வந்தது, ஆனால் கோடைக்குக் கோடை கிணறு இறங்கிக்கொண்டே போயிற்று. இதற்கிடையில் நாங்கள் ஒரு கல்யாணத்துக்குக் கும்பகோணம் போயிருந்த சமயத்தில் பெரியப்பா ஆள் வைத்துக் கிணற்றைத் தூர் வாரிவிட்டார். திரும்பி வந்தபோது எங்கள் பக்கத்துத் தரையிலும் சேறு காய்ந்து கிடந்தது. செலவில் பாதியைக் கேட்டு அவர் யாரையும் அனுப்பவில்லை. அப்பாவுக்கு அதுதான் உறுத்தியது. "கேக்காம விடற மனுஷரா அவர்? கீழ எறங்கின கையோட சைடு போர் போட்டுண்டிருக்கார். அதான் வாயைத் திறக்கலை" என்றார். தண்ணீருக்குக் கீழே, உறையில் துளையிட்டு, தன் தோட்டப் பக்கமாகக் குழாய் செருகிக் கிணற்றை உறிஞ்சுகிறார் என்பது அவர் கட்சி. வக்கீல் ஒருவரைப் போய்ப் பார்த்தும் வந்திருந்தார். கண்ணால் பார்த்த சாட்சி வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

குளியலறை வாளியைப் பார்த்த அன்று, சாப்பிடும்போது அப்பா தானாகவே சொன்னார். "முங்கறவனைக் கூப்பிட்டா அந்தப் பக்கத்துக்குத் தெரிஞ்சுடும். உன்னோடது சத்தமில்லாம போயிட்டு வந்துடும். வீடியோ டெக் வாடகைக்கு எடுத்துண்டு வரேன். நீ படத்தை மட்டும் காட்டு. அப்புறம் கிணத்துக்கு நடுவுல அடி வரைக்கும் சுவர் எழுப்ப ஆர்டர் வாங்கறது என் பாடு." எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பெரிய தண்ணீர் தேடிக்கொண்டிருந்த எங்களுக்கு அது வீட்டுக் கொல்லையிலேயே கிடைத்திருக்கிறது. சந்தோஷம் எதற்கு என்று யோசித்துப் பார்த்தபோது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. நாட்குறிப்பில், கசிவு மேல் விளிம்பில், என்று மட்டும் எழுதினேன்.

மறுநாள் காலையில் அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "அது எதை வேணா பாக்குமா?"

"வெளிச்சம் இருந்தா பாக்கும்."

"இல்லாததைப் பாக்காதே?"

"இல்லாததை எப்படிம்மா பாக்கும்?"

"இருந்தா பாத்துடும்." நார் உரித்ததைத் தனியாக ஒதுக்கினாள். "அடி வரைக்கும் சுவர் வந்துட்டா சத்தம் கேக்காது, இல்லே?"

"கேக்காது."

"அதானே" என்று சொல்லிவிட்டு அடுத்த காயை எடுத்தாள்.

அசரியா பொழிச்சலூரில் மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து கடையின் பாதிக் கதவைத் திறந்து வைப்பான். அங்கேதான் எங்கள் வேலை. ஏரோப்ளேன் தலைக்கு மேலே இறங்கும்போது பேச்சை நிறுத்திக்கொள்வோம், போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். கேமரா ரிச்சி தெருவில் வாங்கியது; வாசல் கதவில் வைக்கும் கருப்பு வெள்ளைக் கேமரா, சட்டைப் பொத்தான் அளவுக்கு லென்ஸ். படத்தை டிவிக்கு அனுப்ப, உடைந்த டிவி கேம் பெட்டியிலிருந்து கழற்றிய ஒரு தகரப் பெட்டி. தள்ளுவதற்கு டேப் ரிக்கார்டர் மோட்டார்கள். போட்டோ ஸ்டுடியோவில் தூக்கிப் போடும் பிலிம் ரோல் டப்பாவுக்குள் மோட்டாரை வைத்து, மெழுகை உருக்கி ஊற்றி, அச்சு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி மூடினோம். மெழுகு சூடாக இருக்கும்போது ஊற்றினால் மோட்டார் இறுகிவிடும், ஆறிய பிறகு ஊற்றினால் தண்ணீர் புகும். இரண்டு தப்பையும் செய்த பிறகுதான் நடுவில் ஒரு பதம் இருப்பது தெரிந்தது. விசிறி, டால்டா டின்னை வெட்டியது. ஜாம் பாட்டிலுக்குள் இரண்டு ஸ்கூட்டர் இண்டிகேட்டர் பல்பு. எடைக்கு, மீன் வலையில் கட்டும் ஈயக்குண்டு. முன்பக்கம் ஒயர்கள் மீசைபோலத் தொங்கியதால் அசரியா அதற்குக் கெளுத்தி என்று பேர் வைத்தான். அந்த மீன் பேரை எங்கள் வீட்டில் நான் சொல்லவில்லை.

"இன்னா மேடம், உங்கப்பா திடீர்னு டெக்கெல்லாம் எடுக்கறாரு?" என்றான்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவன் சால்டரிங் அயர்னைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"அண்ணன் தம்பி சண்டைக்கு நம்ம கெளுத்திய சாட்சிக்கு இட்டுகினு போறாரா? கூண்டுல ஏத்தி சத்தியம் வாங்குவாங்களே, பரவால்லியா?"

"சிரிக்காதே. அது எந்தப் பக்கம் பாக்கறதுன்னு மேலேர்ந்து எப்படித் தெரியும்? ஒயர் முறுக்கிண்டா அதுவும் சுத்திடும்."

அவன் ஒரு சின்னத் திசைகாட்டியை எங்கிருந்தோ தேடி எடுத்துக் கண்ணாடிக்கு முன்னால் வைத்துப் பார்த்தான். மோட்டார் காந்தத்தின் பக்கம் முள் திரும்பி நின்றது. கெளுத்தியை எந்தப் பக்கம் திருப்பினாலும் முள் கூடவே வந்தது.

"தோ பாரு, இது மோட்டாரத்தான் வடக்குன்னு சொல்லிகினு கீது. வுடு ரமா. கிணறு ரவுண்டு. ரவுண்டுல இன்னா இந்தப் பக்கம், அந்தப் பக்கம்? பேஜாரு பண்ணாத."

எனக்கும் அப்போது வேறு வழி தோன்றவில்லை. குறை என்று தெரிந்தும் பச்சைப் பெட்டியில் போட்டது அது ஒன்றுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அசரியா சைக்கிள் கேரியரில் பேட்டரியைக் கட்டிக்கொண்டு வந்தான். அப்பா டெக்கையும் புதுக் கேசட்டையும் எடுத்து வந்திருந்தார். கிணற்றடியில் வெயில் விழாத இடம் நடுச்சுவரின் நிழல் மட்டும்தான். அங்கே ஒரு ஸ்டூலைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அதன்மேல் டிவியை வைத்தோம். அப்பா எல்லாவற்றையும் குசுகுசுப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தேங்காய் உடைக்கும் சத்தம் கேட்டது. அம்மா சமையலறைப் பின்கதவில் சாய்ந்து நின்றாள்.

கெளுத்தியைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். அசரியா ஒயரை விட்டுக்கொடுத்தான். தண்ணீரைத் தொட்டதும் டிவியில் வெள்ளையாக ஒரு பொரிச்சல். பிறகு சாம்பல் நிறம். பிறகு உறையின் வளைவு தெரிந்தது. ஒழுகவில்லை. படம் இருக்கிறது. உறைக்கும் உறைக்கும் நடுவில் இருந்த இடுக்கில் பாசி முளைத்து, விசிறி சுற்றும்போதெல்லாம் முடி மாதிரி ஒதுங்கிக் கொடுத்தது. இன்னும் கீழே சேறு, சேற்றில் பாதி புதைந்த பிளாஸ்டிக் மக்கு, ஒரு டென்னிஸ் பந்து, ஒரு கரண்டி, நார் மட்டும் மிஞ்சிய தேங்காய் மட்டை. அப்பா டிவிக்கு மிக அருகில் உட்கார்ந்து, விரலால் கண்ணாடியைத் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டு வந்தார். "அந்த மக்கு நம்மளுது. பந்து அவாத்துது, பரோடாக்காரன் லீவுல வந்தப்ப ஆடினது. கரண்டி நம்மளுது." தண்ணீரின் அடியிலும் அவருக்குச் சுவர் தெரிந்தது. நான் ஸ்விட்சை அழுத்தி மெதுவாகத் திருப்பினேன். உறைகள் நகர்ந்தன. ஓரிடத்தில் உறை உடைந்து, இருட்டாக ஒரு பொந்து. பொந்துக்குள்ளிருந்து ஒரு குழாயின் வளைந்த முதுகு வெளியே தெரிந்தது. அதில் வரிசையாகக் கீறல்கள், தண்ணீர் புகுவதற்காக ரம்பத்தால் அறுத்த கீறல்கள்.

"நிறுத்து. அப்படியே நிறுத்து." அப்பா குசுகுசுப்பை மறந்துவிட்டார். "பாத்தியா? பைப்! நான் சொல்லலை? இதோ பார், அந்தப் பக்கம் அவர் தோட்டத்துக்குள்ள போறது."

அவர் டிவியைக் காட்டினார். டிவிக்குப் பின்னால் சுவர். சுவருக்குப் பின்னால் பெரியப்பா வீடு. சுவரில் ஒரு ஜன்னல் வைத்து, அதன் வழியே அந்தப் பக்கத்தைப் பார்ப்பதுபோலத்தான் இருந்தது. எனக்கும் ஒரு கணம் அப்படியே தோன்றியது. பிறகுதான், ஸ்டூலை எதிர்ப்பக்கம் போட்டிருந்தால் இதே குழாய் எங்கள் வீட்டுக்குள் போவதாகத் தெரியும் என்று உறைத்தது. அசரியாவின் கையிலிருந்த ஒயரைப் பார்த்தேன். கயிற்றோடு சேர்ந்து எத்தனையோ புரி முறுக்கியிருந்தது.

"எந்தப் பக்கம்னு தெரியலைப்பா."

"என்ன தெரியலை? கண்ணெதிர தெரியறது."

"டிவியை இங்க வெச்சதுனால அப்படித் தெரியறது. அது கீழ எந்தப் பக்கம் திரும்பிண்டிருக்குன்னு எனக்குச் சொல்லத் தெரியலை."

"நாளைக்கு வக்கீலாத்துல கேட்டா என்ன சொல்லுவே?"

"தெரியலைன்னுதான் சொல்லுவேன்."

"ராத்திரி பகல் பாக்காம படிச்சது இதுக்குத்தானா? செஞ்சவளுக்கே தெரியாதுன்னா எதுக்கு ஒரு மிஷின்?" அப்பாவின் முகம் சிவந்திருந்தது. "நீ சொல்லாட்டாப் போறது. படம் இருக்கு, அது போறும் எனக்கு. பாக்கறவாளுக்குத் தெரியும்."

அசரியா ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். பார்க்கிறவர்களுக்குத் தெரியும் என்பது உண்மைதான். யார் பார்த்தாலும் அப்பா பார்த்தது போலத்தான் பார்ப்பார்கள். தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கம் உண்டு. ஆனால் அந்தச் சொல்லால் இங்கே எதுவும் நிற்கப் போவதில்லை என்று தெரிந்தது.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கிணற்றடிக்கு வந்தாள். அப்பாவைத் தாண்டி, டிவியைத் தாண்டி, கைப்பிடிச் சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றிக் குனிந்தாள்.

"மன்னி."

சாதாரணக் குரல்தான். அப்பா என்னைப் பார்த்தார், நான் கிணற்றைப் பார்த்தேன்.

"மன்னி, இருக்கேளா?"

கிணற்றுக்குள்ளிருந்து பதில் வந்தது, பக்கத்து அறையிலிருந்து வருவது மாதிரி. "இருக்கேன் வேதா. என்ன, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா?"

"ஒண்ணுமில்லை. உங்க வாளியை அடி வரைக்கும் விடுங்கோளேன்."

"இப்பவா? கார்த்தாலயே ரொப்பிட்டேனேடி."

"சும்மா விடுங்கோ மன்னி."

அந்தப் பக்கத்து ராட்டினம் கிறீச்சிட்டது. தண்ணீரில் வாளி விழும் சத்தம் கேட்டது. நாங்கள் எல்லோரும் டிவியைப் பார்த்தோம். குழாய் அப்படியே இருந்தது. அதன் முன்னால் எதுவும் வரவில்லை. படத்தின் ஓரங்களில் மட்டும் கொஞ்சம் சேறு புகைந்து வந்தது.

"பின்னால" என்றான் அசரியா.

நான் ஸ்விட்சை அழுத்தினேன். கெளுத்தி திரும்பியது, மெதுவாக. உறைகள் ஒவ்வொன்றாக நழுவின. குழாய்க்கு நேர் எதிர்ப்பக்கத்தில், சேற்றில் ஒருக்களித்து உட்கார்ந்து, ஒரு வாளி. அதன் கயிறு மேல்நோக்கிப் போய் இருட்டில் மறைந்தது. மறுபடியும் குழாயின் பக்கம் திருப்பினேன். யாரும் சொல்லாமலே அம்மா எங்கள் வாளியை இறக்கினாள். அது படத்தின் மேலிருந்து இறங்கி, எங்களுக்கும் குழாய்க்கும் நடுவில் வந்து, குழாயின் முதுகில் ஒருமுறை இடித்துக்கொண்டு சரிந்தது.

"அது நம்ம வாளியா?" என்றார் அப்பா.

"நம்மளுதுதான்" என்றாள் அம்மா.

அப்பா எழுந்திருக்கவில்லை. அவர் பார்வை மட்டும் டிவியிலிருந்து விலகி, கிணற்றுக்கு இந்தப் பக்கம், கைப்பிடிச் சுவரை ஒட்டி இருந்த அடிபம்பின் மேல் போயிற்று. அசரியாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "சார், ஒரு நிமிசம்" என்று சொல்லிவிட்டு, ஒயரை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய் பம்பை அடித்தான். ஒவ்வோர் அடிக்கும், வாளி கிளப்பிவிட்ட சேறு நூல் நூலாக நீண்டு, குழாயின் கீறல்களுக்குள் போயிற்று. அடிப்பதை நிறுத்தியதும் நூல் அறுந்து மிதந்தது. அடித்ததும் மறுபடி நீண்டது. போர் போட்டவர்கள் சாய்வாக இறக்கிவிட்டிருக்கிறார்கள். போகிற வழியில் உறையை உடைத்துக்கொண்டு போயிருக்கிறது. இத்தனை வருடமாகப் பம்பில் நாங்கள் குடித்தது கிணற்றுத் தண்ணீர்தான். தூர் வார இறங்கிய ஆட்கள் இதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது என்றும், மேலே ஏறியதும் யாரிடமாவது சொல்லியிருப்பார்கள் என்றும் எனக்குத் தோன்றியது. அதை நான் சொல்லவில்லை. அப்பாவுக்கும் தோன்றியதா என்று தெரியவில்லை.

"வேதா, பம்ப் அடிக்கறேளா?" பெரியம்மாவின் குரல். "தண்ணி ஆடறது."

"ஆடறதா மன்னி?"

"எப்பவும் ஆடுமே. வாளியை எடுத்துடலாமா?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவர் டெக்கில் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துடுங்கோ" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா கேசட்டை வெளியே எடுத்து என்னிடம் கொடுத்தார். "உன் காலேஜுக்கு வேணும்னா வெச்சுக்கோ." டெக்கை அவரே துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்க் கடையில் கொடுத்துவிட்டு வந்தார். அசரியாவைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள் அம்மா. அவன், "இல்ல மாமி, வூட்ல தேடுவாங்க" என்று சொல்லிவிட்டு, கெளுத்தியின் மீசையைத் துடைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினான். வாசலில் என்னிடம், "படம் சூப்பரா வந்துகிது. ஆனா காலேஜ்ல சாருக்குப் போட்டுக் காட்றப்ப வாளி வர்றதுக்கு முன்னாலயே நிறுத்திரலாம், இன்னா?" என்றான். சரி என்றேன்.

மாலையில் அப்பா ஈஸிசேரில் உட்கார்ந்திருந்தார். வக்கீலைப் பற்றியோ சுவரைப் பற்றியோ பேச்சு இல்லை. அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். அவர் டம்ளரை எடுக்காமல் கேட்டார்.

"எத்தனை நாளா?"

"சுவர் வந்த நாளா" என்றாள் அம்மா.

"அவருக்குத் தெரியுமா?"

"மன்னி சொல்லியிருக்க மாட்டா. இன்னிக்கு அவர் ஆத்துலதான் இருந்திருப்பார்."

அப்பா காபியைக் குடித்தார். அதற்கு மேல் அவர்களுக்குள் ஏதாவது பேச்சு நடந்திருந்தால் அது எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை நான் எழுந்து வந்தபோது அப்பா ஏற்கெனவே ஆபீசுக்குக் கிளம்பிப் போயிருந்தார். அடிபம்பின் கைப்பிடி கழற்றப்பட்டு, திருகாணியோடு கொல்லைச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அன்றைய தண்ணீருக்குக் கிணறு ஒன்றுதான் இருந்தது. மெப்ஸுக்கு நேரமாகிவிட்டது, ஆனாலும் நான் பின்கதவில் நின்றேன். அம்மா வாளியை இறக்கி, தண்ணீருக்குச் சற்று மேலேயே பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"மன்னி."

பதில் வரவில்லை. அந்தப் பக்கம் ஆள் இருப்பது தெரிந்தது. தரையில் குடம் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ராட்டினம் சுற்றியது, வாளி விழுந்தது, இழுக்க ஆரம்பித்தார்கள். பெரியம்மாவுக்கு இடுப்பு வலி. நாலு இழுப்புக்கு ஒருதரம் கயிற்றைக் காலால் மிதித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்குவாள்; அந்த இடைவெளியில்தான் பேச்சு நடக்கும். இது நிற்காமல் வந்தது. நீளமான, பழக்கமில்லாத ஆண்பிள்ளை இழுப்புகள். வாளி உறையில் இடித்து இடித்து ஏறியது. அம்மா தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். தோளில் இருந்த முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். ஆனால் உள்ளே போகவில்லை.

வாளி மேலே போய்ச் சேர்ந்தது. குடத்தில் ஊற்றும் சத்தத்துக்காகக் காத்திருந்தோம். அது வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ராட்டினம் ஓய்ந்துவிட்டது, காலடிச் சத்தமும் இல்லை. அம்மா கயிற்றைப் பிடித்தபடியே இருந்தாள். கீழே, அந்தப் பக்கத்து வாளி கலைத்துவிட்ட தண்ணீர் வளையம் வளையமாகத் தண்டவாளத்தின் நிழலைக் கடந்து எங்கள் பக்கம் வந்து, உறையில் பட்டுத் திரும்பி, காலி வாளியின் அடியை நனைத்துக்கொண்டிருந்தது.